விலகிய அரசு யாரிடம் கொடுத்துச் சென்றது?
சென்னை மாகாணக் கோயில்களும் 1863ஆம் ஆண்டுச் சட்டமும்

தமிழ்நாட்டில் கோயில் நிர்வாகம் பற்றிய விவாதம் நெடுநாளாக இரண்டு நிலைப்பாடுகளுக்குள் சுழல்கிறது. ஆலயத்தில் அரசுக்கு வேலை இல்லை, பக்தர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஒன்று. அரசு கைவிட்டால் கோயில் மறுபடியும் சில குடும்பங்களின், சில சாதிகளின் உடைமையாகிவிடும் என்பது மற்றொன்று. இரண்டு தரப்பும் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதுபோலத் தோன்றினாலும், இரண்டுமே கடந்தகாலத்தில் ஏற்கெனவே விடை தேடப்பட்ட ஒரு கேள்வியைத்தான் எழுப்புகின்றன. சென்னை மாகாணத்தில் அரசு ஒருமுறை கோயில்களை விட்டு முறைப்படி விலகியிருக்கிறது. 1840களில் நடைமுறையாகத் தொடங்கி, 1863இல் சட்டமாகி, 1925 வரை நீடித்த விலகல் அது. மதத்தையும் அரசையும் பிரிப்பது பற்றி நம்மிடம் உள்ள மிக நீண்ட அனுபவம் அந்த எண்பது ஆண்டுகள்தாம்.

அந்த விலகலை யார் கோரினார்கள், எதற்காகக் கோரினார்கள், அரசு கைவிட்ட அதிகாரம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அரசுக்கும் மதத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று மட்டும் அளப்பது போதாது என்பதும், அரசு விட்டுச்சென்ற இடத்தில் யார் நிற்கிறார், அவர் யாருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பதே முதன்மையான கேள்வி என்பதும் என் முடிவு.

கும்பினியும் கோயிலும்

1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் சென்னை மாகாணத்தின் அறக்கட்டளைகளை வருவாய் வாரியத்தின் பொது மேற்பார்வையில் வைத்தது. கோயில், மசூதி, கல்விச்சாலை ஆகியவற்றுக்கு விடப்பட்ட நிலங்களோடு பாலமும் சத்திரமும்கூட இதில் அடங்கின. வங்காளத்தில் 1810இலேயே இப்படியொரு சட்டம் வந்துவிட்டது. நோக்கமாகச் சொல்லப்பட்டது, கொடையாளர் எதற்காகக் கொடுத்தாரோ அதற்கே வருமானம் செலவாக வேண்டும் என்பது.

சட்டத்துக்கு முன்பே நடைமுறை உருவாகியிருந்தது. 1790களில் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், காஞ்சிபுரத்துக் கோயில்களின் நிர்வாகத்தில் நேரடியாக இறங்கினார். திருப்பதிக் கோயிலின் வருமானம் 1801 முதல் கிழக்கிந்தியக் கும்பினியின் கணக்கில் சேர்ந்தது. நிலவரி நிர்வாகத்தையும் கோயிலையும் பிரித்துப் பார்க்க முடியாத நிலை அன்று இருந்தது. பாசனக் குளமும் தேவதாய நிலமும் குத்தகையும் உற்சவச் செலவும் ஒரே கணக்குப் புத்தகத்தில் கிடந்தன. கோயில் நின்றால் ஊர் நிற்கும், ஊர் நின்றால் கிஸ்தி வரும் என்பதே கலெக்டர்களின் கணிப்பு.

இந்தக் காலத்தை விளக்குவதில் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. கும்பினி அரசு நடைமுறையில் ஓர் இந்து அரசாகவே இயங்கியது என்பது ராபர்ட் ஃப்ரைக்கன்பர்க்கின் பார்வை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலை முன்வைத்து 1981இல் அர்ஜுன் அப்பாதுரை எழுதிய நூல் இதிலிருந்து வேறுபடுகிறது. அதன்படி, பழைய அரசர் கோயிலில் எழும் சச்சரவை அந்தந்தச் சூழலுக்கேற்பத் தீர்த்துவைத்தார். அவர் ஆணை அடுத்த வழக்குக்கு விதியாகவில்லை. கும்பினியின் கச்சேரியிலோ எழுதப்பட்ட ஒவ்வொரு தீர்வும் நிலையான உரிமையாக இறுகியது. இரண்டாவது விளக்கமே சான்றுகளுக்கு நெருக்கமானது என்று கருதுகிறேன். அரசரின் வேடத்தைக் கும்பினி ஏற்றது உண்மை. ஆனால் அரசருக்கு இல்லாத கோப்பும் முன்தீர்ப்பும் அதன் கையில் இருந்தன. பின்னால் நீதிமன்றங்கள் செய்ததற்கு வித்து இங்கேதான் இடப்பட்டது.

விலகச் சொன்னவர்கள்

விலக வேண்டும் என்ற குரல் கோயிலுக்குள்ளிருந்து எழவில்லை. வழிபடுவோர் யாரும் அதைக் கேட்டதாகச் சொல்ல முடியாது. குரல் எழுந்தது இங்கிலாந்தின் நற்செய்தி இயக்கத்திலிருந்தும், இங்கிருந்த மிஷனரிகளிடமிருந்தும். கிறித்தவ அரசு ஒன்று விக்கிரக வழிபாட்டுக்குக் காவலாளியாகவும் கணக்குப்பிள்ளையாகவும் இருப்பது பாவம் என்பது அவர்களின் வாதம். புரி, கயை, அலகாபாத் ஆகிய இடங்களில் வசூலான யாத்திரை வரியும், திருவிழாக்களில் படைவீரர் அணிவகுத்ததும், பீரங்கி மரியாதையும் அவர்களின் முதன்மைக் குற்றச்சாட்டுகள். தேர் இழுக்க ஆளனுப்பும்படி கிராமங்களுக்கு அதிகாரிகளே உத்தரவிட்டது மற்றொன்று. இந்தக் கடைசிக் குற்றச்சாட்டு முற்றிலும் நியாயமானது. அப்படிக் கட்டாயமாக வடம் பிடித்தவர்களில் பெரும்பாலோர் ஏழை உழவர்கள். அவர்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

1833 பிப்ரவரியில் இலண்டனிலிருந்து வந்த ஆணை, மதக் காரியங்களில் அரசுத் தலையீட்டை நிறுத்தும்படி கூறியது. சென்னை அரசு தயங்கியது. 1836இல் மிஷனரிகளும் பாதிரிமாரும் அதிகாரிகளும் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைச் சென்னையின் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் கோரி, ஆளுநர் ஃபிரடெரிக் ஆடமிடம் அனுப்பினார். ஆளுநரிடமிருந்து அவருக்குக் கண்டனமே பதிலாக வந்தது. 1838இல் சென்னைப் படையின் தலைமைத் தளபதி பெரிகிரின் மெய்ட்லண்ட், படைவீரர்களை இந்தச் சடங்குகளில் ஈடுபடுத்துவதை ஏற்க முடியாமல் பதவி விலகினார். அதே ஆண்டில் இலண்டனிலிருந்து வந்த மறு ஆணைக்குப் பிறகுதான் காரியம் நகர்ந்தது. 1840இல் யாத்திரை வரி ஒழிந்தது. 1841 முதல் சென்னை மாகாணக் கலெக்டர்கள் கோயில்களை ஒவ்வொன்றாகக் கைமாற்றத் தொடங்கினர்.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. விண்ணப்பத்தை அனுப்பிய பேராயரின் ஊதியம் இந்திய வருவாயிலிருந்தே வந்தது. 1813ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் கல்கத்தாவில் ஓர் ஆங்கிலிக்கன் பேராயரை நியமிக்க வழிசெய்தது. 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் அதைச் சென்னைக்கும் பம்பாய்க்கும் விரித்தது. திருச்சபைக்கென அரசில் தனித் துறையே இருந்தது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம்கூடத் திருச்சபை விவகாரங்களைப் பாதுகாப்புத் துறையோடு சேர்த்துத் தலைமை ஆளுநரின் தனிப் பொறுப்பில் வைத்தது. ஆகவே 1840களில் நடந்தது மதத்தையும் அரசையும் பிரித்தது ஆகாது. ஒரு மதத்தின் மனச்சாட்சிக்காக மற்றொரு மதத்தின் நிறுவனங்களிலிருந்து அரசு விலகிக்கொண்டது. கைமாற்றம் அவசரமாக நடந்ததற்கும், வாங்கிக்கொள்பவர் யார் என்று தீர விசாரிக்கப்படாததற்கும் இதுவே காரணம். அரசின் கை சுத்தமாக வேண்டும் என்பது இலக்கு. கோயில் என்ன ஆகும் என்பது இரண்டாம்பட்சம்.

ஆயுட்காலக் கமிட்டிகள்

திருப்பதிக் கோயில் 1843இல் ஹாதிராம்ஜி மடத்தின் தலைவரான மகந்திடம் ஒப்படைக்கப்பட்டது. வடக்கிலிருந்து வந்த வைராகி மரபைச் சேர்ந்த அந்த மடம் 1933 வரை நிர்வாகத்தை வைத்திருந்தது. தொண்ணூறு ஆண்டுகளில் மகந்துகள்மீது அடுக்கடுக்காக வழக்குகள் எழுந்தன. சில பிரிவி கவுன்சில் வரை சென்றன. மற்ற ஊர்களில் ஜமீன்தாரோ மிராசுதாரோ ஆதீனமோ பரம்பரைத் தர்மகர்த்தாவோ பொறுப்பேற்றார். அரசின் கண்காணிப்பு இருந்த இடத்தில் அவருக்கு மேல் யாரும் இல்லாத நிலை வந்தது.

இருபது ஆண்டுக் குழப்பத்துக்குப் பின் வந்தது 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம். விக்டோரியா அரசியின் 1858ஆம் ஆண்டுப் பிரகடனம் மதத்தில் தலையிடாமையை அரசுக் கொள்கையாக அறிவித்திருந்ததால், விலகலைச் சட்டமாக்குவது தவிர்க்க இயலாததாயிற்று. தர்மகர்த்தாவை நியமிக்கும் அதிகாரம் அரசிடம் இருந்த கோயில்களுக்கு மாவட்டந்தோறும் கமிட்டிகள் ஏற்பட்டன. முதல் உறுப்பினர்களை அரசு நியமித்தது. அதன் பிறகு உறுப்பினர் பதவி ஆயுள் முழுவதற்கும். யாராவது இறந்தாலோ விலகினாலோ மட்டும் தேர்தல். பரம்பரைத் தர்மகர்த்தாக்கள் இருந்த கோயில்களுக்கோ எந்தக் கமிட்டியும் இல்லை. குறை உள்ளவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதுவும் நீதிமன்றத்தின் முன்அனுமதி பெற்று.

சட்டத்தின் வடிவத்தைப் பார்த்தாலே விளைவு புரியும். ஆண்டுக் கணக்கை வாங்கிப் பார்க்கக் கமிட்டிக்கு உரிமை உண்டு. ஆனால் அதை வெளியிட வேண்டிய கடமையோ, வெளியார் தணிக்கையோ இல்லை. கமிட்டி உறுப்பினரை நீக்க நீதிமன்றம் ஒன்றே வழி. வழக்குச் செலவைத் தாங்கக்கூடியவர் ஊரில் பெரும்பாலும் தர்மகர்த்தாவின் பங்காளியோ போட்டியாளரோதான். எனவே நீதிமன்றத்துக்கு வந்தவற்றில் கோயிலின் நலன் கருதிய வழக்கும் குடும்பப் பகைமையும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்தன. வழிபடும் சாதாரண மனிதர் இந்த ஏற்பாட்டில் எங்குமே இல்லை.

அரசு முழுவதும் விலகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. பழைய கோயில் நிலங்களை எடுத்துக்கொண்டதற்கு ஈடாக ஆண்டுதோறும் வழங்கிவந்த தஸ்திக் தொகை தொடர்ந்தது. 1858இல் அமைந்த இனாம் கமிஷன், எந்த நிலம் கோயிலுக்கு, எது அர்ச்சகருக்கு, எது தேவதாசிக்கு என்று ஆராய்ந்து பட்டயம் வழங்கியது. பூசையிலிருந்து விலகிய அரசு கோயிலின் நிலத்திலிருந்து விலகவில்லை.

சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை 1870களிலிருந்தே எழுந்தது. மசோதா மேல் மசோதாவாக வந்து தோற்றன. மதத் தலையீடாகிவிடும் என்ற அச்சத்தைக் காட்டி அரசு ஒவ்வொரு முறையும் பின்வாங்கியது. முன்னாள் நீதிபதி எஸ். சுப்பிரமணிய அய்யர் போன்ற வழக்கறிஞர் பெருமக்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தர்ம ரட்சண சபையை நிறுவி, சீர்கெட்ட கோயில்களுக்காக வழக்காடினர். அரசு தலையிட வேண்டும் என்று முதலில் வாதாடியவர்கள் நாத்திகர்கள் அல்லர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கோயிலின் சீரழிவைக் கண்டு மனம் பொறுக்காத ஆஸ்திகர்களே அவர்கள். தேவஸ்தானக் கமிட்டி அமைப்பு எவ்வளவு பரவலாக இருந்ததென்றால், ஈரோட்டில் அப்படியொரு கமிட்டிக்கு ஈ.வெ. ராமசாமி தலைமை வகித்திருக்கிறார்.

கமுதி

விலகல் காலத்தை மதிப்பிட நிதிச் சீர்கேட்டை மட்டும் பார்த்தால் போதாது. கமுதி வழக்கு அதைவிட ஆழமான சான்று.

1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டனர். வணிகத்தில் உயர்ந்து, ஊரின் செல்வத்தில் பெரும்பங்கு வகித்த சமூகம் அது. கோயிலின் பரம்பரைத் தர்மகர்த்தாவான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி, தீட்டு நீக்கும் செலவைக் கேட்டும், இனி அவர்கள் நுழையத் தடை கோரியும் வழக்குத் தொடுத்தார். 1899இல் மதுரை சார்பு நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது சேதுபதியே சமரசத்துக்கு வந்தார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, வழக்கு தொடர்ந்தது. உயர் நீதிமன்றம் கீழ்த்தீர்ப்பை உறுதிசெய்தது. 1908இல் இலண்டனில் பிரிவி கவுன்சிலும் அதையே நிலைநாட்டியது.

மதத்தில் தலையிடாத அரசு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஓர் அரசின் மிக உயர்ந்த நீதிமன்றம், ஒரு சாதி கோயிலுக்குள் நுழையலாமா கூடாதா என்பதை வழக்காறு, ஆகமம், நூற்சான்று அனைத்தையும் ஆராய்ந்து முடிவுசெய்தது. முடிவைக் காக்க அரசின் தண்டனை அதிகாரம் பின்னால் நின்றது. இதைத் தலையிடாமை என்று அழைக்க முடியாது. நிர்வாகத்திலிருந்து வெளியேறிய அரசு நீதிமன்றத்தின் வழியாக உள்ளே வந்து, உள்ளே இருப்பவருக்குக் காவலாக நின்றது. வழக்காறு என்று எதை யார் நிலைநிறுத்தி வைத்திருந்தார்களோ, அதுவே சட்டமாயிற்று. அப்பாதுரை திருவல்லிக்கேணியில் கண்ட இறுக்கம் கமுதியில் மனிதரைத் தெருவில் நிறுத்தும் வலிமை பெற்றது.

ஆகவே ‘பக்தர்களின் கோயில்’ அந்த எண்பது ஆண்டுகளில் இருந்தது என்று சொல்வதற்குச் சான்று இல்லை. பக்தர் யார் என்று சொல்லும் உரிமை தர்மகர்த்தாவிடம் இருந்தது.

வாரியத்திலிருந்து துறைக்கு

1922இல் பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சரவை கொண்டுவந்த இந்து சமய அறநிலைய மசோதா 1925இல் சட்டமானது. அதன் செல்லுபடி கேள்விக்குள்ளானதால் 1927இல் மீண்டும் இயற்றப்பட்டது. மடாதிபதிகளும் பரம்பரைத் தர்மகர்த்தாக்களும் எதிர்த்தனர். இந்தச் சட்டம் கோயிலை அரசுத் துறையிடம் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தனி வாரியம் ஒன்றையே ஏற்படுத்தியது.

வாரியம் வந்ததன் சமூக விளைவுகள் விரைவிலேயே தெரிந்தன. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் இச்சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், தேவதாசிகளின் இனாம் நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்தது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத அய்யர் தலைமையில் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஆலய நுழைவு நடந்தபோது, கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அதற்குத் துணைநின்றார். அங்கே இருந்தது பழைய ஆயுட்காலக் கமிட்டியாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைக் கமுதியிலிருந்து ஊகிக்கலாம். அவ்வாண்டே நுழைந்தவர்களைக் காக்கும் சட்டமும், 1947இல் மாகாணம் முழுவதற்குமான ஆலய நுழைவுச் சட்டமும் வந்தன.

1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாரியம் போய் ஆணையரின் கீழ் அரசுத் துறை வந்தது. பெரிய மாற்றம் உண்மையில் இதுதான். இன்றைய விவாதத்தில் 1925க்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. அமைச்சருக்குக் கட்டுப்பட்ட துறையாகக் கோயில் நிர்வாகம் மாறியதற்கு நிதிச் சீர்கேட்டைத் தடுக்கும் தேவை மட்டுமே போதுமான காரணமாகாது. உச்ச நீதிமன்றம் 1954இல் சிரூர் மட வழக்கில் இச்சட்டத்தின் பல பிரிவுகளைச் செல்லாதவை என்றது. அதன்பின் எழுந்ததே இன்றும் நடைமுறையில் உள்ள 1959ஆம் ஆண்டின் 22ஆம் சட்டம்.

அரசமைப்பு வரைந்த கோடு

இந்திய அரசமைப்பு மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர் எழுப்பவில்லை. 25ஆம் உறுப்பு மதத்தோடு ஒட்டிய பொருளாதார, நிதி நடவடிக்கைகளை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்கிறது. பொதுத்தன்மையுள்ள இந்து நிறுவனங்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடும் சட்டங்களுக்கும் இடம் தருகிறது. 26ஆம் உறுப்பு மதப் பிரிவுகளுக்குத் தம் மதக் காரியங்களைத் தாமே நடத்தும் உரிமையைத் தருகிறது. டொனால்டு யூஜின் ஸ்மித் 1963இல் எழுதிய ஆய்வில், சென்னையின் அறநிலையத் துறை மதச்சார்பற்ற அரசின் எல்லையை மீறுகிறது என்றார். ராஜீவ் பார்கவா போன்றோர், இந்திய அரசு எல்லா மதங்களிலிருந்தும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டியதில்லை, கொள்கை வழிநின்று தலையிடவும் விலகவும் வேண்டும் என்பர்.

பார்கவாவின் பக்கமே நான் சாய்கிறேன். ஆனால் ஒரு குறை. இரு வாதங்களும் அரசின் அசைவை மட்டும் அளக்கின்றன. அரசு ஓரடி பின்னால் போனால் அந்த ஓரடியில் யார் வந்து நிற்கிறார் என்பதை இரண்டும் உடன் எடுத்துப் பார்ப்பதில்லை. கமுதியை முன்வைத்துப் பார்த்தால், அரசின் மிக உறுதியான கடமை நுழைவுரிமையைக் காப்பது. அதற்கு அடுத்தது பொதுச் சொத்தின் கணக்கைக் கேட்பது. அர்ச்சகர் நியமனம் மதச்சார்பற்ற செயல் என்று 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், பரம்பரை உரிமையை ஒழித்த 1970ஆம் ஆண்டுத் திருத்தத்தை ஏற்றதும் இந்த முதற்கடமையின் நீட்சி.

அன்றாட நிர்வாகம் அப்படியல்ல. 2014 ஜனவரியில் சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கில், நிர்வாகத்தை அரசு எடுப்பது சீர்கேட்டைக் களைவதற்கு மட்டுமே, அது களையப்பட்டபின் திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பொது தீட்சிதர்களின் தனி உரிமை பற்றிய அதன் முடிவில் எனக்கு உடன்பாடு குறைவு. காலவரம்பு பற்றிய கூற்று மிகச் சரி. தமிழ்நாட்டில் நடப்பதோ வேறு. அறங்காவலர் குழு அமைக்கப்படாத கோயில்களில் துறை அலுவலரே தக்காராக இருக்கிறார். அறங்காவலரைக் கண்காணிக்க வேண்டிய துறையே அறங்காவலராகவும் ஆகிவிடுகிறது. தணிக்கையாளரை நியமிப்பதும் அரசு. கோயில் வருமானத்தில் 12 விழுக்காடு வரை பங்களிப்பாகவும், 4 விழுக்காடு வரை தணிக்கைக் கட்டணமாகவும் துறைக்குப் போகின்றன. 1863 கமிட்டியின் நோய் இதுவேதான்: தன் கணக்கைத் தானே சரிபார்க்கும் அமைப்பு. அப்போது அது ஊர்ப் பெரியவரிடம் இருந்தது, இப்போது அலுவலகத்தில் இருக்கிறது.

ஒப்படைப்பது என்றால் யாரிடம்?

1925இல் பஞ்சாபில் சீக்கிய குருத்வாராச் சட்டம் வந்தது. மகந்துகளின் பிடியிலிருந்த குருத்வாராக்கள், அகாலிகளின் போராட்டத்துக்குப் பின், வாக்காளர் பட்டியல் வழித் தேர்ந்தெடுக்கப்படும் அமைப்பின்கீழ் வந்தன. பெண்களுக்கும் வாக்குரிமை இருந்தது. அதே ஆண்டில் சென்னை நியமன வாரியத்தைத் தேர்ந்தது. நூறாண்டுக்குப் பின் பார்க்கையில், அன்று தவறவிட்ட வழி அது என்றே தோன்றுகிறது. ஆனால் அந்த வழியும் அரசை வெளியேற்றவில்லை. சீக்கியர் யார் என்பதைச் சட்டமே வரையறுக்க வேண்டியிருந்தது. முடி மழிக்கும் சகஜதாரி சீக்கியர்களுக்கு வாக்கு உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2016இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அவர்களை நீக்கியது. வாக்காளர் பட்டியலை யார் எழுதுகிறாரோ அவர் கையிலேயே கோயில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் துறையின்கீழ் 36,000க்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் ஆண்டு வருமானம் 10,000 ரூபாயைக்கூட எட்டாது. விவாதங்களில் பேர் அடிபடும் பழனி, திருச்செந்தூர், ஸ்ரீரங்கம் போன்றவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுக்கு ஒரு தன்னாட்சி வாரியம், தேர்ந்தெடுக்கப்பட்ட அறங்காவலர், வெளித் தணிக்கை என்று வகுப்பது கடினமில்லை. 1951இல் கைவிட்ட வாரிய முறைக்கு அமைச்சரின் தலையீடு இல்லாத வடிவில் திரும்பலாம். ஆனால் உபரி வருமானமே இல்லாத ஊர்க்கோயில்களில் ஒப்படைப்பு என்பது நிதியைப் பற்றியது அல்ல. அங்கே கேள்வி யார் உள்ளே வரலாம் என்பது.

2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு வருவாய்த் துறை சீல் வைத்தது. தலித் மக்கள் வழிபட வருவதை ஊரின் ஒரு பிரிவினர் எதிர்த்ததுதான் காரணம். கோயில் எங்களுடையது என்பது அவர்கள் முன்வைத்த வாதங்களுள் ஒன்று. ஊர்க்கோயிலை ஊராரிடம் ஒப்படைக்கும் சட்டம் ஒன்று நாளை எழுதப்பட்டால், ஊரார் பட்டியலில் அந்த ஊரின் காலனித் தெருவும் இருக்க வேண்டும். பட்டியலை ஊர்க் கட்டுப்பாட்டிடம் விடாமல், ஊரில் குடியிருக்கும் வயதுவந்த இந்துக்கள் அனைவரின் பெயரையும் சட்டமன்ற வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்து அரசே எழுத வேண்டும். கோயில் விடுதலை பற்றிப் பேசுவோர் இந்த விதியை முதலில் ஏற்கிறோம் என்று சொன்னால், துறை எந்த அதிகாரத்தை எப்போது விட்டுத்தர வேண்டும் என்ற பேச்சைத் தொடங்கலாம்.